ஐந்து நாள் மலைச் சைக்கிள் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், நெல்லைச் சமவெளியில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது?

பாளை_விடியல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீடு வி.எம்.சத்திரம், வயது 41, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை. நாலு வருடமாகக் கருக்கலில் எழுந்து சைக்கிள் ஓட்டுகிறேன். வார நாட்களில் திருச்செந்தூர் ரோட்டில் கருங்குளம் வரை போய்த் திரும்புவேன், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, எப்போதாவது ஆழ்வார்திருநகரி. போன வருடம் ஒரு மலைச் சைக்கிள் வாங்கினேன். 29 அங்குலச் சக்கரம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்.

விஷயம் இதுதான். வருகிற அக்டோபரில் இமாச்சலத்தில் ஐந்து நாள் மலைச் சைக்கிள் போட்டிக்குப் பெயர் கொடுத்துப் பணமும் கட்டிவிட்டேன். தினமும் 50 முதல் 80 கிலோமீட்டர், ராத்திரி கூடாரத்தில் தங்கல், காலையில் எழுந்து மறுபடி அடுத்த முகாமுக்கு ஓட்டம். ஐந்து நாள் ஏற்றத்தையும் கூட்டினால் 8,000 மீட்டரைத் தாண்டுகிறது. நம் பொதிகை உச்சியே 1,868 மீட்டர்தான், கடல் மட்டத்தில் இருந்து அதை நாலு தடவை ஏறினாலும் கணக்கில் மீதி நிற்கும். என் வழக்கமான பாதையில் ரயில்வே மேம்பாலத்தைத் தவிர மேடே கிடையாது.

மலை தினமும் கண்ணுக்குத் தெரிகிறது, ஏறத்தான் வழி இல்லை. மணிமுத்தாறு, பாபநாசம், களக்காடு எல்லாப் பக்கமும் புலிகள் காப்பகம், செக்போஸ்ட் தாண்டி நினைத்த நேரத்தில் சைக்கிளைக் கொண்டுபோக முடியாது. அது நியாயமும்கூட, என் பயிற்சிக்காகக் காட்டைத் திறந்துவிடச் சொல்ல எனக்கு மனம் வராது.

இப்படி நாள்கணக்கில் நீளும் போட்டிக்குப் போய் வந்தவர்கள் இருந்தால் உள்ளபடி சொல்லுங்கள். அடுத்தடுத்த நாள் ஓட்டும்போது உடம்பு என்ன ஆகும்? முதலில் கை விடுவது எது? ஏற்றம் பழக நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? வீட்டில் கேட்கிற கேள்வி ஒன்றும் இருக்கிறது: மலைக்குள் தனியாக விழுந்துகிடந்தால் யார் பார்ப்பார்கள்? அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதையும் சேர்த்தே கேட்கிறேன்.

செங்கோட்டை_சாரல் எழுதியது:

அண்ணாச்சி, வாழ்த்துகள். இமாச்சலத்தில் இந்த மாதிரிப் போட்டிக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை மூன்றாம் நாள் பாதி வழியில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாம் தடவை முடித்தேன். இரண்டுக்கும் நடுவில் என் காலில் பெரிய பலம் ஒன்றும் கூடவில்லை, முதல் நாளை ஓட்டிய விதம்தான் மாறியது.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். கொடி அசைந்ததும் எல்லோரும் பாய்ந்தார்கள், நானும் பாய்ந்தேன். புளியரை எஸ் வளைவில் ஏறி இறங்கிப் பழகியவன், ஏற்றம் நமக்குப் புதிதில்லை என்ற தைரியம். முதல் ஏற்றத்திலேயே முப்பது நாற்பது பேரைத் தாண்டினேன், அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் முகாமுக்கு வந்து குளித்துவிட்டுத் தட்டில் சோறும் ராஜ்மாவும் வாங்கி உட்கார்ந்தால் ஒரு கவளம் இறங்கவில்லை. பசி இருக்கிறது, வாய் மெல்ல மாட்டேன் என்கிறது. இரண்டாம் நாள் அந்தக் காலி வயிற்றோடு ஓட்டினேன். மூன்றாம் நாள் 31ஆவது கிலோமீட்டரில் ஒரு தேவதாரு மரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. காயம் இல்லை, காய்ச்சல் இல்லை, சைக்கிளிலும் ஒரு குறையும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரையே பார்த்துக்கொண்டு இருந்தேன், அந்த வாரில் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் தசையிலும் ஈரலிலும் சேர்ந்து இருக்கிற மாவுச்சத்து இருப்பு அரைக் கிலோ அளவுக்குத்தான். அதை ஒரே நாளில் வழித்துத் துடைத்துவிட்டால் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் திரும்ப நிரம்பாது, அதிலும் சாப்பிடவே முடியாதவனுக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் போட்டி என்றால் மறுநாள் படுத்துக்கொள்ளலாம். இங்கே மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பக்கத்துக் கூடாரத்தில் டயருக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்கும், எழுந்தே ஆக வேண்டும்.

இரண்டாம் தடவை முதல் நாள் முழுக்கப் பைய ஓட்டினேன். பக்கத்தில் ஓட்டிய பெங்களூர்க்காரர் ஒருவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஏறினேன். ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் சொல்ல முடிகிறதா என்பதுதான் கணக்கு, பேச்சு உடைந்தால் கியரைக் குறைத்துவிடுவேன். நிறையப் பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். நாலாம் நாள் அவர்களில் பாதிப் பேரைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது பார்த்தேன்.

இன்னொன்று குளிர். நம் ஊர்க்காரனுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது, சாரலைத்தான் குளிர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 3,000 மீட்டரைத் தாண்டிய கணவாய் ஒன்றில் மழையில் நனைந்து ஏறினேன், ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுபக்கம் இறங்க ஆரம்பித்த பத்தாவது நிமிடம் விரல் மரத்துப் போய் பிரேக்கை அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. வழியில் ஒரு டீக்கடை. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை, உள்ளே கூட்டிப் போய் புகைபோக்கி வைத்த தகர அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்து என் கையுறையை உருவி அடுப்பு மேலே போட்டார். இருபது நிமிடம் போயிற்று, அந்த இருபது நிமிடம் இல்லாமல் நான் அந்த இறக்கத்தை முழுசாக இறங்கியிருக்க மாட்டேன். மழைக்கோட்டும் இன்னொரு ஜோடிக் கையுறையும் நனையாத பையில் கட்டி முதுகிலேயே இருக்கட்டும், கனம் என்று பார்க்க வேண்டாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான், மூச்சு வாங்கும், அது பயப்படுகிற விஷயம் இல்லை. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

வள்ளியூர்_மேலக்காற்று எழுதியது:

அண்ணாச்சி, நான் வள்ளியூர்க்காரன், எட்டு வருடமாக வேலை கேப்டவுன் பக்கம். இங்கே கேப் எபிக் என்று ஒரு போட்டி, 2004இல் தொடங்கியது, எட்டு நாள். முதல் நாள் சின்னதாக ஒரு தொடக்க ஓட்டம், அப்புறம் ஏழு நாள் நெடு ஓட்டம், மொத்தம் 600, 700 கிலோமீட்டர் வரும். உலகத்தின் பெரிய வீரர்களும் நம்மைப் போல ஆபீஸ் வேலை பார்க்கிறவர்களும் ஒரே பாதையில் ஓட்டுவார்கள். இரண்டு இரண்டு பேராகத்தான் சேர முடியும், இருவருக்கும் நடுவில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது, விழுந்தால் தண்டம்.

உடம்பை விட அந்த இரண்டு நிமிடம்தான் என்னைப் படுத்தியது. என் கூட்டாளி என்னைவிட வேகம். அவன் முன்னால் போய் மேட்டு உச்சியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான், நான் மூச்சு இரைக்க வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவான். அவன் ஓய்வெடுத்தாயிற்று, எனக்கு ஓய்வே இல்லை. நாலாம் நாள் மணல் பாதை ஒன்றில் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினோம், இத்தனைக்கும் ஆறு வருடச் சிநேகிதம். ராத்திரி கூடாரத்தில் அவனே எழுந்து உட்கார்ந்து, நாளையில் இருந்து ஏற்றத்தில் நீ முன்னால் போ, நான் உன் பின்சக்கரத்தைப் பார்த்து வருகிறேன் என்றான். அதற்கப்புறம் எந்த நாளும் அவ்வளவு கஷ்டமாக இல்லை. உங்கள் போட்டி தனி ஆள் போட்டி போலத் தெரிகிறது, இருந்தாலும் முதல் நாளே உங்கள் வேகத்தில் ஓட்டுகிற ஒருவரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாரல் சொன்ன அந்த பெங்களூர்க்காரர் மாதிரி.

பயிற்சிக்கு வருகிறேன். மலை இல்லை என்கிறீர்களே, ஆனி ஆடிக் காற்று எங்கே போயிற்று? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற மேலக்காற்றை நம்பித்தானே முப்பந்தலில் இருந்து பணகுடி வரைக்கும் காற்றாலையை நட்டு வைத்திருக்கிறார்கள். ஊருக்கு விடுமுறையில் வரும்போது நான் செய்வது ஒன்றுதான். ராதாபுரத்தில் இருந்து வடக்கன்குளம், பழவூர் என்று மேற்குப் பார்த்த கிராம ரோடுகளில் காற்றுக்கு எதிரே இரண்டு மணி நேரம். கால் சுற்றுவதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும், எதிரில் சரிவே கிடையாது, ஆனாலும் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. நீண்ட ஏற்றம் கேட்பதும் அதைத்தானே, விடாமல் ஒரே அழுத்தம். வெயில் ஏற ஏறத்தான் காற்று முழு வேகம் எடுக்கும். நாலுவழிச் சாலைப் பக்கம் மட்டும் போகாதீர்கள், லாரி கடக்கும்போது பக்கவாட்டில் தள்ளிவிடும்.

பாளை_சைக்கிள்கடை எழுதியது:

தம்பி, நான் போட்டி எதிலும் ஓட்டியதில்லை, ஆனால் போகிறவர்கள் வண்டியை இறக்கிப் பூட்டி அனுப்புவதும் திரும்பி வந்ததும் கழற்றிப் பார்ப்பதும் நான்தான். வண்டி பேசுகிறதை வைத்துச் சில விஷயம் சொல்கிறேன்.

டியூப் இருக்கிற டயர் என்றால் முதல் வேலையாக டியூப்லெஸ் ஆக்கிவிடு. நம் பக்கத்தில் உடைமுள்ளும் வேலிக்கருவை முள்ளும் இருக்கிற வரைக்கும் இங்கே பழகுவதற்கே அது வேண்டும். முள் குத்திய ஓட்டையைத் தானாக அடைக்க உள்ளே ஊற்றுகிற சீலன்ட் பால் நம் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்து ரப்பர் தோலாகிவிடும். ஊற்றியாயிற்று என்று நம்பி இருந்துவிடாதே, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வால்வைக் கழற்றிக் குச்சி விட்டுப் பார். கிளம்பும் முன் புதிதாக ஊற்று. காற்று அளவு ரோட்டில் அடிப்பது போல அடித்தால் கல்லில் வண்டி துள்ளும். உன் எடை 70 கிலோ பக்கம் என்றால் 20 முதல் 25 பிஎஸ்ஐ போதும், பின்னால் இரண்டு மூன்று கூட.

மலையில் இருந்து வருகிற வண்டியில் நான் முதலில் பார்ப்பது பிரேக் பேட். ரெசின் பேட் சத்தம் இல்லாமல் இதமாகப் பிடிக்கும், ஆனால் சேறும் மழையும் சேர்ந்தால் ஒரே நாளில் தகடு வரைக்கும் தேய்ந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். மெட்டல் பேட் வாங்கு, உன் டிஸ்க் அதைத் தாங்குமா என்று டிஸ்கிலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டு வாங்கு. இரண்டு ஜோடி உபரியாகக் கையில் இருக்கட்டும். தேய்ந்து ஒரு மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டியதுதான், இன்னும் ஒரு நாள் ஓடும் என்று பார்க்கக் கூடாது. சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டு டிஸ்கில் பட்டாலும் அந்தப் பேட் வீண். சக்கரத்தைக் கழற்றிப் பெட்டியில் அடைக்கும்போது இரண்டு பேடுக்கும் நடுவில் அட்டைத் துண்டு வைக்க மறந்துவிடாதே, தெரியாமல் லீவரை அழுத்திவிட்டால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் டிஸ்க் உள்ளே போகாது.

பின்சக்கரத்தில் கியர் மாற்றுகிற டீரெய்லியர் தொங்குகிற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு இருக்கிறதே, ஹேங்கர், அது வண்டிக்கு வண்டி வேறு. ஒருவர் வண்டியினுடையது இன்னொருவர் வண்டிக்குச் சேராது. விழுந்தால் முதலில் வளைவதும் அதுதான், பிரேமைக் காப்பாற்றத்தான் அதை அப்படி மெல்லிசாகச் செய்கிறார்கள். அது இல்லாமல் இரண்டாம் நாளே திரும்பி வந்த பையன் ஒருவன் என் கடையில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். ஐந்து மாதம் படித்துப் பரீட்சைக்குப் போய் பேனா இல்லாமல் திரும்பின மாதிரி. உன் வண்டியினுடையதை இப்போதே ஆர்டர் போட்டு வாங்கி சீட்டுக்கு அடியில் டேப் ஒட்டிக் கட்டி வை.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடி, அதனால் ஒன்று சொல்வேன். கல்லில் இறங்கப் பழகும் முன் தேரியில், அதான் செம்மணல் மேட்டில், ஓட்டு. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் பக்கத்தில் செம்மண் தேரியில் வண்டிப் பாதை இருக்கிறது. மணலில் முன்பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் புதைந்து ஆளைத் தூக்கிப் போடும், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாலும் விழுவாய். உடம்பைப் பின்னால் தள்ளி, கையைத் தளர்த்தி, வண்டியை அதன் போக்கில் விட்டால் தானாகப் போகும். விழுந்தாலும் மணல்தான், அடி படாது. காலையில் வெள்ளனே போனால் பனைவிளைக்காரர்கள் யாராவது பதநீர் கொடுப்பார்கள், ஆடியோடு அது முடிந்துவிடும்.

அம்பை_ஆற்றங்கரை எழுதியது:

அண்ணே, நான் பள்ளிக்கூட டீச்சர், அம்பாசமுத்திரம். இரண்டு வருடத்துக்கு முன் வடக்கே ஐந்து நாள் போட்டி ஒன்றை முடித்தேன். சாப்பாடும் உட்காருகிற இடமும், இந்த இரண்டைப் பற்றி ஆண்கள் யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஓட்டும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 20, 25 கிராம் இருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அது நாம் நினைப்பதை விட அதிகம். பசித்த பிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம், நான் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தில் அலாரம் வைத்துத் தின்றேன். கடையில் விற்கிற ஜெல் இரண்டாம் நாளே எனக்குக் குமட்டிவிட்டது. உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துச் சுக்குப்பொடி கொஞ்சம் சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துக் கொண்டுபோனேன், ஐந்தாம் நாள் வரைக்கும் அதுதான் இறங்கியது. கருப்பட்டியில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான். அது வயிற்றுக்குள் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது, இரண்டும் வெவ்வேறு வழியில் ரத்தத்துக்குள் போவதால் ஒன்றை மட்டும் குடிப்பதை விடக் கூடுதலாக உடம்பு எடுத்துக்கொள்ளும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நல்லதுதான், ஆனால் ஏற்றத்தில் வேண்டாம், கடலையில் இருக்கிற எண்ணெய் செரிக்க நேரம் எடுக்கும், முகாமுக்கு வந்து தின்னலாம். வந்து இறங்கின அரை மணிக்குள் எதையாவது சாப்பிட்டுவிடுங்கள், குளியல் அப்புறம். சாரல் அண்ணனுக்கு ராத்திரி சோறு இறங்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது புண். மெத்தை வைத்த சைக்கிள் நிக்கருக்கு உள்ளே வேறு உள்ளாடை போடக்கூடாது, இதை யாரும் சொல்லாமல் நான் இரண்டு வருடம் தெரியாமலே ஓட்டியிருக்கிறேன். தையல் உரசி உரசித்தான் புண் வருகிறது. ஐந்து நாளுக்குக் குறைந்தது மூன்று நிக்கர் வேண்டும், துவைத்தது முழுசாகக் காயாமல் திரும்பப் போட்டால் தொலைந்தது. வாசலின் தாராளமாகத் தடவுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெடலில் எழுந்து நின்றுவிடுங்கள், வந்ததும் முதலில் அந்த நிக்கரைக் கழற்றிக் கழுவிக் காய்ந்த துணி மாற்றுங்கள். எனக்கு மூன்றாம் நாள் பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. முகாமில் இருந்த டாக்டர் பார்த்துவிட்டு, கிள்ளாதே, ஒத்தடம் கொடு என்றார், அதோடு இன்னும் இரண்டு நாள் ஓட்டினேன். நாலாம் நாள் காலை முதல் தடவை சீட்டில் உட்கார்ந்த அந்த நிமிடம் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினைந்து நிமிடம் கழிந்ததும் மரத்துப்போகும், அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கடந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

படிக்கிற பெண்களுக்கு ஒன்று. எனக்கு இரண்டாம் நாள் மாதவிலக்கு வந்துவிட்டது. மெத்தை நிக்கரோடு நாப்கின் சரிவராது, உரசல் இரட்டிப்பாகும். மாதவிடாய்க் கப் பழகியிருந்ததால் சமாளித்தேன். அதைப் போட்டிக்குப் போய்ப் பழகாதீர்கள், நாலைந்து மாதம் முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அண்ணே, அண்ணியிடம் இதைச் சொல்லுங்கள். நான் ஓட்டிய போட்டியில் ஒவ்வொரு சாவடியிலும் என் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள், கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வண்டி வந்துகொண்டே இருந்தது, ஆம்புலன்ஸ் இரண்டு இருந்தது. ஒரு சாவடியைக் கடந்தவர் அடுத்த சாவடிக்கு வரவில்லை என்றால் தேடிப் போவார்கள். உங்கள் போட்டியில் இதெல்லாம் எப்படி என்று நடத்துகிறவர்களுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. பல இடத்தில் போனில் சிக்னல் கிடைக்காது, அதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போய், அம்மா ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பாளை_விடியல் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் கேட்ட அடுத்த கேள்வி கருப்பட்டி எத்தனை கிலோ வேண்டும் என்பதுதான்.

சைக்கிள்கடை அண்ணாச்சி சொன்னபடி ஹேங்கருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். போன சனி ஞாயிறு இரண்டு நாளும் வேலை வைத்துக்கொள்ளாமல் ஓட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை ராதாபுரம் பக்கம் காற்றுக்கு எதிரே, ஞாயிற்றுக்கிழமை தேரி. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை மாடிப்படியில் இறங்கும்போது முட்டிக்கு மேலே தொடை நடுங்கியது, அந்தக் காலோடு மணலில் ஓட்டியபோது ஏழு தடவை விழுந்தேன், மூன்று தடவை கையை இறுக்கியதால், மிச்சம் அசதியில். அசதியோடு வண்டியைக் கட்டுப்படுத்துவது தனிப் பாடம் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு சந்தேகம். காற்றில் ஓட்டுவது ஏற்றத்துக்கு முழுசாக ஈடாகுமா? ஐந்து மாதமும் அதையே நம்பலாமா?

செங்கோட்டை_சாரல் எழுதியது:

வள்ளியூர் அண்ணன் கோபப்படக் கூடாது, என் அனுபவத்தில் பாதிதான் ஈடாகும். மூச்சுக்கும் தொடைக்கும் காற்று நல்ல வாத்தியார். ஆனால் செங்குத்தில் முன்சக்கரம் தூக்கும், உடம்பை முன்னால் சாய்த்து மூக்கை ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற ஸ்டெம் பக்கம் கொண்டுபோனால்தான் வண்டி நேராக ஏறும், பின்சக்கரமும் பிடி விடாமல் இருக்க வேண்டும். அந்தத் தாங்கலுக்கு இடுப்பும் அடிமுதுகும் பழக வேண்டும், சமதரையில் அது வராது. எனக்கு இரண்டு தடவையும் முதலில் வலித்தது முதுகுதான், கால் இல்லை. இறக்கமும் அப்படித்தான், ஒரு மணி நேரம் தொடர்ந்து பிரேக் பிடிக்கும் விரல் வேறு எங்கேயும் உருவாகாது.

அதனால் மாதத்துக்கு ஒரு தடவை கேரளத்தில் இருக்கிற பொன்முடி மலைக்குப் போங்கள். செங்கோட்டை, தென்மலை, குளத்துப்புழை வழி. கல்லாறில் இருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவு, தார் ரோடுதான், ஆனாலும் உண்மையான மலை. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டியே அங்கேதான் நடந்தது. மேலே போவதற்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நாளில் ஏறித் திரும்பிவிடாதீர்கள், வெள்ளி சனி ஞாயிறு என்று மூன்று நாள் சேர்த்து வையுங்கள், மூன்றாம் நாள் ஓட்டம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அதை விடக்கூடாது. கல்லில் இறங்கிப் பழக ஊருக்கு ஊர் பொத்தை, அதான் சின்னப் பாறைக்குன்று, இருக்கிறது, ஆடு போகிற பாதை போதும். தனியாகப் போக வேண்டாம், மேய்க்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட்டினால் எங்கே பள்ளம், எங்கே உடைந்த பாட்டில் என்று அவர்களே சொல்வார்கள்.

வள்ளியூர்_மேலக்காற்று எழுதியது:

கோபம் ஒன்றும் இல்லை, சாரல் சொல்வது சரிதான். முதுகு விஷயத்தை நான் விட்டுவிட்டேன். நான் ஆனி கடைசியில் இருபது நாள் ஊருக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வடக்கன்குளம் விலக்கில் நிற்பேன், வருகிறவர்கள் வாருங்கள். பழவூர் வரை எதிர்க்காற்று, அங்கே இட்லி, திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

பாளை_சைக்கிள்கடை எழுதியது:

ஞாயிறு கடை மதியம்தான் திறப்பேன், நானும் டிவிஎஸ்ஸில் வருகிறேன். தம்பி, அன்றைக்கு உன் பின்சக்கரத்தை நீயே கழற்றி மாட்ட வேண்டும், நான் தொடமாட்டேன், பக்கத்தில் நின்று பார்ப்பேன். ஒரு செயின் லிங்க்கும் செயின் கட்டரும் கொண்டு வா.

அம்பை_ஆற்றங்கரை எழுதியது:

நானும் என் வகுப்பில் படித்த பிள்ளைகள் இரண்டு பேரும் வருகிறோம், காலேஜ் போகிறார்கள், சைக்கிள் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. அம்பையில் இருந்து வரவேண்டும், அரை மணி முன்னே பின்னே ஆகலாம், இருந்து கூட்டிக்கொண்டு போங்கள். உருண்டை என் பொறுப்பு.

பாளை_விடியல் எழுதியது:

ஏழு மணிக்கு விலக்கில் இருப்பேன். டீச்சர் வரும் வரைக்கும் கிளம்ப மாட்டோம்.